கண்காட்சிக்கு மாடல் ரயில் லேஅவுட்: செங்கோட்டை – புனலூர் பாதையை வைத்துச் சில கேள்விகள், பதில்கள்

பள்ளி ஆண்டு விழா, கோயில் கொடை, நூலக வாரம் என்று எங்கள் லேஅவுட்டை, அதாவது பலகையின் மேல் நிலமும் பாதையும் செய்து சின்ன ரயில் ஓட்டும் மாடலை, கொண்டுபோய் வைக்கும் இடங்களில் எல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. எல்லைக்கு இந்தப் பக்கம் செங்கோட்டை, புளியரை ஆட்கள், அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர்த் தமிழர்கள் என்று கேட்பவர்கள் கலந்துதான் இருப்பார்கள். அதனால் எடுத்துக்காட்டுகள் எல்லாம் நம் மலைப்பாதையிலிருந்தே வரும். வேறு ஊர்ப் பாதையைச் செய்கிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

வீட்டில் நன்றாக ஓடும் லேஅவுட்டையே கண்காட்சிக்குக் கொண்டுபோகக் கூடாதா?

கொண்டுபோகலாம். ஆனால் வீட்டு லேஅவுட்டைச் செய்யும்போது யாரும் மூன்று விஷயங்களை யோசிப்பதில்லை: அது பிரிய வேண்டும், வாசல்படியில் திரும்ப வேண்டும், காலை முதல் இரவு வரை நிற்காமல் ஓட வேண்டும். வீட்டில் பெட்டி தடம் புரண்டால் கையால் தூக்கி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். கண்காட்சியில் அதே பெட்டி அதே இடத்தில் நாலாவது முறை புரளும்போது, முன்னால் நிற்கிற சின்னப் பையன் "மறுபடியும் விழுந்திருச்சு" என்று கூட்டத்துக்கே அறிவித்துவிடுவான்.

அதனால் கண்காட்சி லேஅவுட்டில் அழகைவிட அடிப்பக்கம் முக்கியம். பலகை இணைப்பு, வயர், சக்கரம், பாயிண்ட் (ரயில் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம்) இவற்றில் முக்கால்வாசி உழைப்பைப் போடுங்கள். மரமும் புல்லும் எப்போது வேண்டுமானாலும் ஒட்டலாம்.

எந்த ஸ்கேலில் செய்வது?

ஸ்கேல் என்றால் நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்பது. உலகத்தில் அதிகம் புழங்குவது ஹெச்ஓ, அதாவது 1:87. அதற்கான பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அடுத்தது 'என்' (N) ஸ்கேல், 1:160, பாதை 9 மில்லிமீட்டர்.

இந்த இரண்டு பாதை அகலமும் 1435 மில்லிமீட்டர் கொண்ட ஐரோப்பிய, அமெரிக்கப் பாதையைச் சுருக்கி வந்தவை. நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். அதை 87 மடங்கு சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். கடையில் அப்படிப் பாதை கிடைக்காது. ஆகவே அகலப்பாதை செய்கிறவர்கள் பெரும்பாலும் 16.5 மில்லிமீட்டரிலேயே ஓட்டுகிறார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. நேர் எதிரே குனிந்து பார்த்தால்தான் இன்ஜின் கொஞ்சம் ஒடுங்கிய காலில் நிற்பது தெரியும். எனக்கு அது உறுத்துவதில்லை.

மீட்டர்கேஜுக்கு நிலைமை நல்லது. 1000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5. ஹெச்ஓஎம் என்ற பெயரில் 12 மில்லிமீட்டர் பாதை தனியாகவே கிடைக்கிறது. சுவிட்சர்லாந்து மலை ரயில்களைச் செய்கிறவர்களுக்காகப் போடுகிறார்கள், பீகோ நிறுவனமும் தயாரிக்கிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. இடமே இல்லை என்றால் 'என்' ஸ்கேலில் 6.5 மில்லிமீட்டர் பாதையைப் போட்டும் மீட்டர்கேஜ் செய்யலாம். ஆனால் அந்த அளவில் தூசி ஒன்று விழுந்தாலே இன்ஜின் நின்றுவிடும். பந்தலுக்குள் நடக்கும் கண்காட்சிக்கு அது சரிப்படாது என்பது என் கருத்து.

லேஅவுட்டில் எந்தக் காலத்தைக் காட்டுவது? எல்லாக் காலத்தையும் கலந்து வைத்தால் என்ன?

கலந்து வைக்காதீர்கள். முதலில் ஒரு ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் பெட்டி வாங்குங்கள். இதில்தான் பெரும்பாலோர் தலைகீழாகப் போகிறார்கள்.

இந்தப் பாதையின் வரலாறு அதற்கு வசதியாகவே இருக்கிறது. கொல்லம் – செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. அப்போது செங்கோட்டையும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நீராவிக் காலத்தின் பிற்பகுதியில் ஒய்பி, ஒய்ஜி இன்ஜின்கள். பிறகு ஒய்டிஎம்4 டீசல். 2010 செப்டம்பரில் மலைப்பகுதியில் மீட்டர்கேஜ் ரயில் நின்றது. 2018 ஜூனில் அகலப்பாதையில் கொல்லம்வரை முழுமையாக ஓட ஆரம்பித்தது. இப்போது மேலே மின்கம்பியும் வந்துவிட்டது.

இதில் ஒவ்வொரு காலத்துக்கும் தனி அடையாளம் உண்டு. மீட்டர்கேஜ் காலம் என்றால் கைகாட்டி மரம், தாழ்ந்த பிளாட்பாரம், மரச் சிலீப்பர் (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் கட்டை) அல்லது இரும்புச் சிலீப்பர். 2018-க்குப் பிறகு என்றால் சாம்பல் நிறக் கான்கிரீட் சிலீப்பர், விளக்கு சிக்னல், உயர்ந்த பிளாட்பாரம். கான்கிரீட் சிலீப்பரில் ஒய்பி இன்ஜின் நின்றால் பொதுமக்களில் பாதிப் பேருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

எனக்குப் பிடித்த காலம் 2004 முதல் 2010 வரை. விருதுநகரிலிருந்து செங்கோட்டைக்கு 2004-இல் அகலப்பாதை வந்துவிட்டது. புனலூர் பக்கம் போகும் மலைப்பாதையோ இன்னும் மீட்டர்கேஜ். ஒரே நிலையத்தில் இரண்டு பாதைகள். ஒரு பிளாட்பாரத்தில் இறங்கிய கூட்டம் மூட்டை முடிச்சோடு அடுத்த ரயிலுக்கு ஓடும் காட்சி அந்த ஆறு ஆண்டுகளுக்கே உரியது. மாடலில் 16.5, 12 இரண்டையும் பக்கம் பக்கமாகப் போட்டுவிட்டால், பார்க்கிறவர்களுக்கு அகலப்பாதை என்றால் என்ன, மீட்டர்கேஜ் என்றால் என்ன என்று வாய் திறந்து விளக்கவே வேண்டாம்.

மலைப்பாதை என்றால் ஏற்றம் வைக்க வேண்டுமே? சின்ன இடத்தில் அது எப்படி?

ரயிலை ஏற்றாதீர்கள், நிலத்தை இறக்குங்கள்.

கணக்கைப் பாருங்கள். ஹெச்ஓவில் ஒரு பாதை இன்னொன்றின் மேல் கடந்துபோக ஏறக்குறைய 75 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். 40-க்கு 1 என்ற ஏற்றத்தில் அதற்கு 3 மீட்டர் நீளம் போய்விடும். அதிலும் வளைவு வந்தால் இன்ஜின் திணறும். நம்மிடம் இருப்பதோ நாலைந்து மீட்டர். எனவே பாதையை மட்டமாகவே வைத்துவிட்டு, பலகையின் முன்பக்கத்தைத் தாழ்வாக வெட்டிப் பள்ளத்தாக்கு ஆக்குங்கள். பின்பக்கத்தில் மலையை ஏற்றுங்கள். மட்டமான பாதையில் ஓடும் ரயிலே, கீழே ஆறும் மேலே பாறையும் இருந்தால் ஏறுவது போலத் தெரியும்.

இன்னொரு வசதி பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் இருக்கும் குகை. நிஜத்திலேயே அது இரண்டு உலகங்களைப் பிரிக்கிறது. இந்தப் பக்கம் பனை, வயல், தென்னந்தோப்பு, நல்ல வெயில். அந்தப் பக்கம் ரப்பர், தேக்கு, பாக்கு, எப்போதும் ஈரமான பாறை. லேஅவுட்டை நடுவில் ஒரு மலையால் பிரித்து அதில் குகையை வைத்தால், ரயில் காய்ந்த ஊரில் நுழைந்து பச்சைக்காட்டில் வெளிவரும். ஒரு சிறிய பலகையில் அவ்வளவு தூரத்தைக் காட்ட வேறு எந்தத் தந்திரமும் இவ்வளவு நன்றாக வேலை செய்யாது.

மாநிலம் மாறுவதையும் எழுதிக் காட்ட வேண்டாம். தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு மஞ்சள் ஆட்டோ, கேரளப் பக்கம் மஞ்சள் கூரை போட்ட கறுப்பு ஆட்டோ. டீக்கடைப் பலகையில் இங்கே தமிழ், அங்கே மலையாளம். போதும். நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையை மட்டும் நீங்கள் குறித்த ஆண்டின் புகைப்படத்தைப் பார்த்தே எழுதுங்கள். ஊர்க்காரர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

குகைக்குள் ரயில் மாட்டிக்கொள்ளும், நிச்சயம் மாட்டிக்கொள்ளும். பின்பக்கத்தில் கை நுழையும் அளவு திறப்பு விடாமல் மலையை மூடாதீர்கள்.

பதிமூன்று கண் பாலத்தை அப்படியே செய்ய முடியுமா?

முடியும், ஆனால் அளவைச் சொன்னதும் பலர் பின்வாங்கிவிடுவார்கள். கழுதுருட்டிப் பக்கம் இருக்கும் அந்தப் பாலத்தின் நீளம் சுமார் 102 மீட்டர். ஹெச்ஓவில் அது 1.17 மீட்டர், 'என்' ஸ்கேலில் 64 சென்டிமீட்டர். வழக்கமான ஒரு பலகையின் நீளமே 1.2 மீட்டர்தான் என்பதால், முழு அளவில் செய்தால் பலகை முழுவதும் பாலமே இருக்கும். இரு முனையும் இணைப்பில் போய் உட்காரும். அது ஆகாது.

சுருக்குவதென்றால் கண்களின் எண்ணிக்கையில் கை வைக்காதீர்கள். பாலத்தின் பெயரிலேயே எண்ணிக்கை இருக்கிறது. பிள்ளைகள் விரலை நீட்டி எண்ணத்தான் செய்வார்கள். பன்னிரண்டு இருந்தால் தீர்ந்தது கதை. ஒவ்வொரு கண்ணின் அகலத்தைக் குறையுங்கள். முழு அளவில் ஒரு கண்ணுக்கும் தூணுக்கும் சேர்த்து 90 மில்லிமீட்டர் வரும். அதை 75 ஆக்கினால் மொத்தம் 97 சென்டிமீட்டர். இரு பக்கமும் பத்துப் பத்து சென்டிமீட்டர் மண் கரை கிடைக்கும்.

செய்யும் முறை: பக்கவாட்டுச் சுவர் இரண்டையும் 3 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையில் ஒன்றாக ஆணி அடித்துச் சேர்த்து வெட்டுங்கள், அப்போதுதான் இரண்டு பக்கக் கண்களும் நேராக வரும். முதலில் ஒரு கண்ணுக்கு அட்டையில் மாதிரி வெட்டி அதை வைத்தே பதிமூன்றையும் வரையுங்கள். பாதை போகும் தட்டை 9 மில்லிமீட்டர் பிளைவுட்டாக வைத்து, இரு சுவர்களையும் அதன் ஓரத்தில் ஒட்டுங்கள். எடையைத் தாங்குவது பிளைவுட். கண்கள் வெறும் தோற்றத்துக்குத்தான். கண்ணின் உட்புற வளைவுக்குத் தடித்த அட்டையை வெந்நீர் ஆவியில் காட்டி வளைத்து ஒட்டலாம். மேலே சுவருக்குப் பூசும் பட்டியை மெல்லிசாகத் தடவி, முக்கால்வாசி காய்ந்ததும் மழுங்கிய ஊசியால் கல் வரிசையைக் கீறுங்கள். முழுக்கக் காய்ந்தபின் கீறினால் உதிரும். ஈரமாக இருக்கும்போது கீறினால் கோடு குழையும். அந்த இடைப்பட்ட அரை மணி நேரத்தில் இரண்டு கண் முடிக்க முடிந்தால் நல்ல கை.

நிறத்துக்குச் சாம்பலை அப்படியே அடிக்காதீர்கள். அந்தப் பக்க மழையில் கல் கறுத்து, பாசி ஏறி, தூண் அடியில் பச்சையும் மேலே கறுப்புமாக ஒழுகியிருக்கும். நீர்த்த கறுப்பு, நீர்த்த கரும்பச்சை இரண்டையும் மேலிருந்து கீழே வழியவிட்டுத் துணியால் ஒற்றி எடுங்கள். அகலப்பாதை வந்த பிறகும் ரயில் அந்தப் பாலத்தின் மேல்தான் போகிறது. ஆகவே எந்த ஆண்டைக் காட்டினாலும் பாலம் உண்டு.

பலகையும் கால்களும் எப்படி இருக்க வேண்டும்?

1200க்கு 600 மில்லிமீட்டர் என்பது நல்ல அளவு. இரண்டு பேர் தூக்கலாம், வீட்டு வாசலில் நுழையும், குட்டி யானை வண்டியில் நிறுத்தி அடுக்கலாம். மேல்தட்டு 9 மில்லிமீட்டர் பிளைவுட்; சுற்றிலும் நாலு அங்குல உயரச் சட்டமும் பிளைவுட்டிலேயே போடுங்கள். ரீப்பர் கட்டை மலிவுதான், ஆனால் ஒரு மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்ளும்.

பலகையோடு பலகை சேரும் இடம்தான் லேஅவுட்டின் உயிர். அரை மில்லிமீட்டர் விலகினாலும் சக்கரம் தாண்டும். வெளிநாட்டில் இதற்கென்று பித்தளை ஆண்–பெண் முளைகள் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால், கதவுக்குப் போடும் கீலில் கம்பியை உருவி எடுக்கக்கூடிய வகையை வாங்கி, இரு பக்கமும் ஒன்றாகத் திருகுங்கள். கம்பியைச் செருகினால் பலகை ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உட்காரும். இறுக்குவதற்குத் தனியாகப் போல்ட்டும் பட்டாம்பூச்சி நட்டும். ஆசாரியிடம் "கட்டிலைக் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும்" என்று சொன்னால் அவருக்கே புரிந்துவிடும்.

இணைப்பில் தண்டவாளத்தை முதலிலேயே வெட்டிப் போடக் கூடாது. ஓரத்தில் தண்டவாளத்துக்கு நேர் கீழே பித்தளைத் திருகாணி இறக்கி, தண்டவாளத்தை அதன் தலையில் பற்றவைத்து, இரண்டு பலகையையும் இறுக்கிய பிறகு மெல்லிய ரம்பத்தால் அறுங்கள். இணைப்பை ரயில் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும்; பாயிண்ட்டை அந்த இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

தண்டவாள மட்டம் தரையிலிருந்து ஒரு மீட்டரைச் சுற்றி இருந்தால் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் ஒத்துப்போகும். முன்னால் ஒரு சாண் உயரத்துக்கு அக்ரிலிக் தகடு போடுங்கள். கயிறு கட்டி யாரையும் நிறுத்த முடியாது.

குற்றால சாரல் காலத்தில் பலகை உப்புகிறதே?

உப்பத்தான் செய்யும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றில் சுவரே ஈரமாக இருக்கும்போது பிளைவுட் மட்டும் எப்படித் தப்பும்? வெயிலில் தண்டவாளம் நீள்வதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஒரு மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி சூடேறினாலும் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான் நீளும். மரத்தின் அசைவு அதைவிட அதிகம். கோடையில் கண்காட்சிக்குப் போய் பலகை சுருங்கும்போதுதான் தண்டவாளம் இடம் இல்லாமல் நெளிகிறது.

பிளைவுட் வாங்கும்போது ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட் கேளுங்கள். வெட்டி முடித்ததும் மேல், கீழ், குறிப்பாக வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றிலும் இரண்டு கை வார்னிஷ். ஓரத்தை விட்டுவிட்டு மேலே மட்டும் அடிப்பது வீண் வேலை. ஈரக்காலத்தில் பாதை போடுவதாக இருந்தால் இடைவெளி கொஞ்சம் கூடுதலாகவே விடுங்கள். வைக்கும்போது சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். கறையான் பிளைவுட் என்று பார்ப்பதில்லை.

காட்சிக்குப் போடும் பொருள்களிலும் கவனம் வேண்டும். தரையில் சருகு காட்ட வடித்த டீத்தூள் நல்ல பொருள். ஆனால் வெயிலில் காயவைத்து, வெறும் சட்டியில் வறுத்த பிறகு போடுங்கள். இல்லையென்றால் ஆடி மாதத்தில் உங்கள் காட்டில் நிஜக் காளான் முளைக்கும்.

மரங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

தேங்காய் நார், முறுக்கிய செப்புக்கம்பி, மிக்ஸியில் பச்சைச் சாயத்தோடு அரைத்த பஞ்சு. அவ்வளவுதான். ரப்பர் தோட்டத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை: அது காடு இல்லை, வரிசை. அளந்து வரிசையாக நடுங்கள். ஒவ்வொரு தண்டிலும் சாய்வான கீறல், கீழே ஒரு கறுப்புப் புள்ளி. அதுதான் பால் பிடிக்கும் சிரட்டை. டிசம்பர், ஜனவரியைக் காட்டுவதாக இருந்தால் ரப்பர் இலை உதிர்த்து நிற்கும் என்பதை மறக்காதீர்கள்.

வயரிங்கில் எங்கே தகராறு வரும்?

பலகை இணைப்பிலும், அவசரத்தில் பற்றவைத்த ஈயத்திலும். தண்டவாளத்தை மின்சாரம் கொண்டுபோகும் கம்பியாக நம்பாதீர்கள். இணைப்புத் தகடுகள் நாளடைவில் தளர்ந்துவிடும். பலகையின் அடியில் 1.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயரை முதுகெலும்பாக ஓட்டி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அதிலிருந்து ஒரு மெல்லிய வயரை மேலே ஏற்றிப் பற்றவையுங்கள். இரண்டு நிறம் மட்டும்: முன் தண்டவாளம் சிவப்பு, பின் தண்டவாளம் கறுப்பு. கையில் கிடைத்த நிறத்தில் எல்லாம் ஓட்டினால், பந்தலில் டார்ச் வெளிச்சத்தில் மல்லாந்து படுத்துத் தேடும்போதுதான் அதன் அருமை தெரியும்.

பலகைகளுக்கு நடுவே மைக்செட்டுக்குப் போடும் எக்ஸ்எல்ஆர் பிளக் நன்றாக உழைக்கும். பூட்டிக்கொள்ளும், தலைகீழாகச் செருக முடியாது. பற்றவைக்கும்போது தண்டவாளத்தை முதலில் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஃப்ளக்ஸ் தொட்டு, இரண்டு நொடியில் முடித்துவிடுங்கள். ஐந்து நொடி வைத்தால் பிளாஸ்டிக் சிலீப்பர் உருகும்.

டிசிசி (ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் முறை) வைத்திருப்பவர்கள் கண்காட்சிக்கு முன் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் பாதை நெடுக இரண்டு தண்டவாளத்தையும் தொடும்படி ஆங்காங்கே வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் உடனே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். எங்காவது துண்டிக்காமல் நாணயம் சூடேறினால் அங்கே வயர் போதவில்லை என்று அர்த்தம்.

பந்தலில் 230 வோல்ட் எந்த வயரில் வருகிறது என்று நீங்களே பாருங்கள். கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைச் சொந்தமாகக் கொண்டுபோங்கள். டிரான்ஸ்ஃபார்மர் லேஅவுட்டுக்கு வெளியே இருக்கட்டும். பிள்ளைகள் கைபடும் லேஅவுட்டில் 16 வோல்ட்டுக்கு மேல் எதுவும் ஓடக் கூடாது.

டிசிசி கட்டாயமா?

இல்லை. பழைய முறையில் 12 வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து ஓட்டினால் ஒரு பாதையில் ஒரு ரயில். டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும், ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனி எண், அந்த எண்ணைக் கூப்பிட்டு ஓட்டலாம். சுற்றுப்பாதையில் ஒரே ரயில் ஓடும் லேஅவுட்டுக்கு டிசிசி தேவையில்லாத செலவு.

ஆனால் நம் மலைப்பாதையில் ஒரு விஷயம் அதைக் கேட்கிறது: பேங்கர். மலையேறும் ரயிலின் பின்னால் இன்னொரு இன்ஜின் நின்று தள்ளுவது இந்தப் பாதையின் அடையாளம். ஒரு கண்காட்சியில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். கிளம்பும்போது, "எல்லாம் சரி தம்பி, பின்னால பேங்கர் எங்க? இப்படி அனுப்பினா புளியரை தாண்டாது" என்றார். அடுத்த கண்காட்சிக்குள் பேங்கர் வந்துவிட்டது.

இரண்டு இன்ஜினும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் சில்லில் இரண்டு, ஐந்து, ஆறாம் எண் அமைப்புகள்தான் தொடக்க வேகம், உச்ச வேகம், நடு வேகம். ரயில் இல்லாமல் இரண்டு இன்ஜினையும் ஒரு சாண் இடைவெளியில் ஓடவிட்டு, இடைவெளி மாறாத வரை திருத்துங்கள். பின் இன்ஜின் ஒரு இம்மி மெதுவாக இருக்கலாம், வேகமாக இருக்கக் கூடாது; வேகமானால் வளைவில் நடுப்பெட்டியைத் தூக்கி வெளியே போடும். பெட்டிக்கு எடையும் வேண்டும். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ பரிந்துரைப்படி, 22 சென்டிமீட்டர் ஹெச்ஓ பெட்டி ஏறக்குறைய 150 கிராம் இருக்க வேண்டும். மீன் வலைக் கடையில் விற்கும் ஈயக் குண்டு இதற்குத் தோது.

ஒய்டிஎம்4 மாடல் கடையில் கிடைக்குமா?

வாங்கிய அட்டைப்பெட்டியைத் திறந்து அப்படியே ஓட்டும்படி எளிதில் கிடைக்காது. மேற்கூடு முப்பரிமாண அச்சில் எடுத்து, 12 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் 1:120 ஐரோப்பிய இன்ஜின் ஒன்றின் சேசிஸை (மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிப்பாகத்தை) அடியில் பொருத்துவதுதான் நடைமுறை. ஆறு அச்சு உள்ள சேசிஸாகத் தேடுங்கள். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பில் வந்தது ஒய்டிஎம்4. ஆகவே படங்கள், அளவு வரைபடங்கள் தேடினால் ஆல்கோ டிஎல்535 என்ற பெயரிலும் தேடுங்கள்.

கண்காட்சி நாளில் எப்படி ஓட்டுவது?

பொதுமக்களுக்கு நேர அட்டவணை வேண்டாம், அசைவு வேண்டும். வந்து நிற்கிறவர் முன்னால் அரை நிமிடத்துக்குள் ஏதாவது நகரவில்லை என்றால் அடுத்த ஸ்டாலுக்குப் போய்விடுவார். அதற்காக வேகமாக ஓட்டவும் கூடாது. பின்பக்கத்தில், மறைவாக, நாலைந்து ரயிலை வரிசையாக நிறுத்திவைக்கும் யார்டு ஒன்று இருந்தால், ஒன்று உள்ளே போனதும் அடுத்தது வெளியே வரும். பார்க்கிறவர்களுக்கு அதே ரயில் திரும்பி வருவது தெரியாது.

ஆட்களையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் பேசக் கூடாது, பேசுகிறவர் ஓட்டக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறிக்கொள்ளலாம். பேசுகிறவருக்குப் பொறுமை வேண்டும், ஏனென்றால் "இது நிஜமாகவே ஓடுமா அண்ணாச்சி?" என்ற கேள்வி, ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வரும்.

தண்டவாளத்தைக் காலையிலும் மதியத்திலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள்; அதன் கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும். மண்டபத்து டியூப்லைட்டை நம்பாமல் உங்கள் விளக்கை நீங்களே மேலே கட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் எந்த வெளிச்சத்தில் வர்ணம் அடித்தீர்களோ அதே வெளிச்சம்.

செய்து பல வருடம் ஆன லேஅவுட்டைப் புதுப்பிப்பதா, உடைத்துவிட்டுப் புதிதாகச் செய்வதா?

அடிப்பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பலகை முறுக்காமல் இணைப்பு சரியாக உட்கார்ந்தால் புதுப்பிக்கலாம். பலகை வளைந்திருந்தால் மேலே என்ன பூசினாலும் வீண்; கட்டடங்களையும் பாலத்தையும் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். இதற்காகவே கட்டடங்களை ஒருபோதும் ஒட்டக் கூடாது, அடியிலிருந்து திருகி வைக்க வேண்டும்.

புதுப்பிக்கும்போது ஒரு பலகையை மட்டும் எடுங்கள். அதை முடித்து, மற்றவற்றோடு சேர்த்து ஓட்டிப் பார்த்த பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பிரித்துப் போட்டவர்கள் லேஅவுட் மொட்டைமாடிக்குப் போனதைத்தான் பார்த்திருக்கிறேன். வரிசையும் முக்கியம்: முதலில் வயர், பிறகு பாயிண்ட் மோட்டார், பிறகு தண்டவாளம், கடைசியில் காட்சி. பழைய காயில் மோட்டார் "டக்" என்று அடித்துப் பாயிண்ட்டையே உடைக்கும். அந்த இடத்தில் மெதுவாக நகர்த்தும் சர்வோ போட்டால் ஆயுள் கூடும்.

ஜல்லியைக் கிளப்ப வேண்டுமா? ஃபெவிகால் போட்டு ஒட்டியதென்றால் வெந்நீரை இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தோடு தெளித்து, கால் மணி நேரம் விட்டுச் சுரண்டினால் வந்துவிடும், தண்டவாளமும் சேதமாகாது. பிளைவுட்டில் தண்ணீர் தேங்காமல் உடனே துடையுங்கள். திரும்ப ஜல்லி போடும்போதும் அதே முறைதான்: முதலில் காய்ந்த ஜல்லியைத் தூவித் தூரிகையால் ஒதுக்கி, சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாயிண்ட்டின் நகரும் நாக்கு அருகே ஒரு துளிகூடப் படக் கூடாது.

காலத்தையே மாற்றுவதும் ஒரு வகைப் புதுப்பிப்புதான். மீட்டர்கேஜ் லேஅவுட் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் 2018-க்கு மாற்றலாமா என்று கேட்கிறார்கள். பாதை, சிலீப்பர், பிளாட்பாரம், சிக்னல், பெட்டி, குகை வாசலின் அகலம் எல்லாம் மாற வேண்டும். மிஞ்சுவது மலையும் பாலமும்தான். அதைவிட நிலையம் இருக்கும் அடிப்பலகை ஒன்றை மட்டும் இரண்டாவது தடவை செய்துவையுங்கள், ஒன்று 1990-களுக்கு, ஒன்று இன்றைக்கு. கண்காட்சிக்கு ஏற்றபடி மாற்றி மாட்டலாம்.

எவ்வளவு செலவாகும்?

இன்ஜினுக்குத்தான் காசு. மரம், வயர், காட்சி எல்லாம் சேர்த்தாலும் இறக்குமதி செய்த இரண்டு நல்ல இன்ஜின் விலையை எட்டுவது கஷ்டம். அதனால் இரண்டு இன்ஜினோடு ஆரம்பியுங்கள், ஆனால் நல்லதாக வாங்குங்கள். பெரிதாகச் செய்தால்தான் மதிப்பு என்று நினைக்க வேண்டாம். 2001-இல் திறந்த ஹாம்பர்க் மினியாட்டூர் வுண்டர்லாண்ட் உலகின் மிகப் பெரிய மாடல் ரயில் லேஅவுட்டுகளில் ஒன்று. புனேயில் ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. அவை நிரந்தரமான இடத்தில் இருப்பவை. நாமோ திங்கட்கிழமை காலையில் மண்டபத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டியவர்கள். மூன்று பலகை, ஒரு யார்டு போதும்.

எடுத்துப்போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

இரண்டு பலகைகளை முகத்துக்கு முகம் பார்க்க வைத்து, நடுவில் ஒன்றரை அடி இடைவெளி வரும்படி இரு முனையிலும் பிளைவுட் தகடு திருகினால் அது ஒரு பெட்டி ஆகிவிடும். மரம் எதுவும் நசுங்காது. வண்டியில் நீளவாட்டில் நிறுத்துங்கள், குறுக்கே வேண்டாம். தார்ப்பாய் வெயில் காலத்திலும் உடன் இருக்கட்டும். புளியரையில் காய்ந்த சாலையில் ஏற ஆரம்பித்தால் ஆரியங்காவில் மழை பிடித்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. இன்ஜின்களும் பெட்டிகளும் எப்போதும் தனிப் பெட்டியில், ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் உங்கள் மடியில்.

ஒரு சின்னப் பையையும் தனியாக வையுங்கள்: மல்டிமீட்டர், சால்டரிங் கம்பி, ஈயம், ஃபெவிக்விக், இன்சுலேஷன் டேப், உபரி கீல் கம்பி, பட்டாம்பூச்சி நட், துணி, ஆல்கஹால். அந்தப் பையை வண்டியில் கடைசியாக ஏற்றுங்கள், முதலில் இறக்குங்கள்.